ஒருவரைப் பிடிக்க ஒரு சாலை: விக்லோ மலையின் மைக்கேல் டுவையர்

டப்ளின் நகரின் தெற்கு விளிம்பில் ரதஃபார்னம் என்று ஓர் ஊர். அங்கிருந்து கிளம்பும் சாலை ஒன்று, வீடுகள் முடிந்த கையோடு மலையேறத் தொடங்குகிறது. மரங்கள் குறைந்து, இரு பக்கமும் கருஞ்சேற்றுச் சதுப்பும் புதரும் மட்டுமே மிஞ்சும் வெட்டவெளி வழியாகக் கிளென்க்ரீ, லாரா, க்ளென்மலூர் என்று பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காக இறங்கி ஏறி அகாவானாவில் போய் முடிகிறது. மொத்தம் 60 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வார இறுதியில் சைக்கிள்காரர்களும் சுற்றுலாக் கார்களும் நிறையப் போகிற வழி. ஆனால் ஊர்க்காரர்கள் இன்றும் அதைச் சொல்வது ‘மிலிட்டரி ரோடு’ என்றுதான். 1800ல் தொடங்கி 1809ல் முடித்தார்கள். போட்டவர்கள் பிரிட்டிஷ் சிப்பாய்கள். வண்டி போக வழியே இல்லாத அந்த மலைக்குள் படையைக் கொண்டுபோய் இறக்குவதற்காகப் போட்ட சாலை. அதையொட்டி ஐந்து படைமுகாம்களும் கட்டினார்கள்.

அந்த மலைக்குள் அப்போது ஒளிந்திருந்தவர்களின் தலைவர் பெயர் மைக்கேல் டுவையர். ‘ஒரு ஆளைப் பிடிக்க ஒரு சாலையே போட்டார்கள்’ என்று கதைசொல்லிகள் சொல்வது இவரை வைத்துத்தான். அது முழு உண்மை இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் திரும்ப வந்து இறங்குவார்களோ என்ற பயமும், மறுபடி ஒரு கலகம் வெடித்தால் தலைநகரத்துக்கு இத்தனை பக்கத்தில் இப்படி ஒரு புகலிடம் இருக்கக் கூடாது என்ற கணக்கும் சேர்ந்துதான் அந்த வேலை நடந்தது. ஆனாலும் கதையில் உண்மை நிறையவே இருக்கிறது.

பெயரைக் கேட்டதும் நம் ஊர் வாசகருக்கு வேறொருவர் நினைவுக்கு வரலாம். ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்தபோது பஞ்சாபின் லெப்டினன்ட் கவர்னராக இருந்து, 1940ல் லண்டனில் உதம் சிங்கின் துப்பாக்கிக்குப் பலியான மைக்கேல் ஓ'டுவையர். அவரும் அயர்லாந்துக்காரர், கத்தோலிக்கர். பெயர் ஒன்றுபோலத்தான், நின்ற பக்கம் நேரெதிர். இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது அல்ல, அவருக்கு நூறு ஆண்டுகளுக்கும் மேல் முந்தியவரைப் பற்றியது.

1790களின் அயர்லாந்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நாட்டில் பெரும்பான்மையோர் கத்தோலிக்கர்கள். நிலமும் நீதிமன்றமும் நாடாளுமன்றமும் சிறுபான்மையான ஆங்கிலிக்கன் பிரபுக்கள் கையில். 1791ல் பெல்ஃபாஸ்ட்டில் தொடங்கிய ‘ஐக்கிய அயர்லாந்தியர்’ சங்கம், மதத்தை ஓரம் வைத்துவிட்டு எல்லோருக்கும் சம உரிமை என்று கேட்டது. பிரெஞ்சுப் புரட்சி கொடுத்த தெம்பு அது. அரசு தடை போட்டதும் சங்கம் ரகசிய இயக்கமாக மாறி, 1798 மே மாதம் ஆயுதக் கிளர்ச்சியாக வெடித்தது. கோடை முடிவதற்குள் நசுக்கப்பட்டுவிட்டது. செத்தவர்கள் 10,000 பேர் என்று சொல்பவர்களும் உண்டு, 30,000 என்று சொல்பவர்களும் உண்டு.

டுவையர் 1772ல் விக்லோ மாவட்டத்தின் மேற்குப் பக்கம், கிளென் ஆஃப் இமால் என்ற பள்ளத்தாக்கில் பிறந்தவர். சாதாரண விவசாயக் குடும்பம். கிளர்ச்சி தொடங்கிய மே கடைசி வாரத்திலேயே, பக்கத்து ஊரான டன்லாவினில் பிடித்துவைத்திருந்த சந்தேகக் கைதிகளை விசாரணை இல்லாமல் ஊர்ப் பொதுத்திடலில் நிற்கவைத்துச் சுட்டுக் கொன்றார்கள். 36 பேர் என்று வழக்கமாகச் சொல்லப்படுகிறது. சின்னப் பள்ளத்தாக்கு, எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வகையில் உறவு. அதன்பிறகு அங்கே யாரும் ‘நமக்கேன் வம்பு’ என்று ஒதுங்க முடியவில்லை. டுவையர் ஆர்க்லோ, வினிகர் ஹில், ஹேக்கட்ஸ்டவுன் சண்டைகளில் இருந்தார். ஈட்டி பிடித்த விவசாயிகள் பீரங்கிக்கு முன் நேருக்கு நேர் போனால் என்ன ஆகும் என்பதை அங்கே கண்ணால் பார்த்தார். பிற்பாடு அவர் நேருக்கு நேர் பெரிய சண்டை எதற்கும் போகவே இல்லை.

தோற்ற படைகளில் மிச்சம் மீதி விக்லோ மலைக்குள் ஏறின. முதலில் தலைமை ஜோசப் ஹோல்ட் என்ற புராட்டஸ்டன்ட் விவசாயியிடம் இருந்தது. பிரெஞ்சு உதவிப்படை மேற்கே வந்து இறங்கி, செப்டம்பரில் சரணடைந்தும் விட்டது. இனி எதற்கு என்று நவம்பரில் ஹோல்ட்டும் சரணடைந்து நாடுகடத்தலை ஏற்றுக்கொண்டார். டுவையர் இறங்கி வரவில்லை. அந்த அக்டோபரில்தான் மேரி டாயில் என்ற பெண் வீட்டை விட்டு வந்து அவரைக் கல்யாணம் செய்துகொண்டிருந்தார். மாப்பிள்ளை தலைமறைவு, படுக்கை எந்த ஊரிலென்று அன்றன்று தெரிந்தால் உண்டு. அந்த நிலையில் 1803 டிசம்பர் வரை, ஐந்து ஆண்டுகளுக்கு மேல் மலையில் தாக்குப்பிடித்தார்.

எப்படித் தாக்குப்பிடித்தார் என்றால், மலைதான் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். மலை உதவியது நிஜம்தான். 925 மீட்டர் உயர லக்னாகுலாவைச் சுற்றிச் செங்குத்தான பள்ளத்தாக்குகள், குதிரை இறங்கினால் கால் புதையும் சதுப்பு, மூடினால் நாள்கணக்கில் விலகாத பனிமூட்டம். ஆனால் அந்த ஊர்க் குளிர்காலத்தில் மலை மேல் வெறும் பாறையை நம்பி ஐந்து வருஷம் யாரும் உயிரோடு இருக்க முடியாது. அவரைக் காத்தது வீடுகள். டுவையர், பர்ன், டெவ்லின், டாயில் என்று கொண்டான் கொடுத்தான் உறவில் பின்னிக் கிடந்த குடும்பங்கள் அவருக்குச் சோறு போட்டன, காய்ந்த துணி கொடுத்தன, சிப்பாய் வரும் செய்தியைச் சிறுவர்கள் மூலம் முன்னாடியே அனுப்பின. அரசு அவர் தலைக்கு விலை வைத்தது. அந்தப் பணம் ஒரு குடியானவக் குடும்பத்துக்கு ஏழு தலைமுறைக்குக் காணும். அப்படியும் வருஷக்கணக்கில் அவரைப் பிடிக்க முடியவில்லை.

ஒரு தடவை மயிரிழையில் தப்பினார். 1799 பிப்ரவரி 15, இரவு. நல்ல பனி. டெரினமக் என்ற இடத்தில் பக்கம் பக்கமாக மூன்று கூரை வீடுகள். அவற்றில் டுவையரும் பத்துப் பன்னிரண்டு பேரும் பிரிந்து படுத்திருக்கிறார்கள். யாரோ காட்டிக்கொடுத்தார்கள். விடிவதற்குள் க்ளென்காரி ஹைலாண்டர் படை சுற்றி வளைத்துவிட்டது. இந்தப் படையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இவர்கள் ஸ்காட்லாந்து மலைக்காரர்கள், கத்தோலிக்கர்கள், தாய்மொழி அயர்லாந்து மொழிக்கு மிக நெருங்கிய கேலிக். வீட்டுக்குள் இருந்தவன் சத்தம் போட்டு ஜெபித்திருந்தால் வெளியே நின்றவனுக்குப் பாதியாவது புரிந்திருக்கும்.

இரண்டு வீட்டில் இருந்தவர்கள் சரணடைந்தார்கள். மூன்றாவது வீட்டில் டுவையர். பெண்களையும் பிள்ளைகளையும் வெளியே விடுங்கள் என்று கேட்டார், விட்டார்கள். அப்புறம் சண்டை. கூரையில் தீப்பிடித்தது. உள்ளே காயம் படாமல் நின்றவர் டுவையர் ஒருவர்தான். கூட இருந்த சாம் மெக்காலிஸ்டர் வடக்கே ஆன்ட்ரிம் பக்கத்து ஆள், அரசுப் படையிலிருந்து ஓடிவந்து கிளர்ச்சியில் சேர்ந்தவர். அவருக்கு ஏற்கெனவே குண்டுக்காயம். அந்தக் காலத்துத் துப்பாக்கி ஒரு தடவை வெடித்தால், மறுபடி மருந்து இடித்துக் குண்டு போட்டுக் குறிபார்க்கப் பழகிய கைக்கே பதினைந்து இருபது வினாடி ஆகும். மெக்காலிஸ்டர் கணக்குப் போட்டது அந்தச் சில வினாடிகளை. கதவைத் திறந்துகொண்டு வாசலில் போய் நேராக நின்றார். மொத்தத் துப்பாக்கிகளும் அவர் மேல் வெடித்தன. அவர் விழுந்த அந்த இடைவெளியில் டுவையர் வெறுங்காலோடு பாய்ந்து, உறைபனியில் சறுக்கி எழுந்து ஓடி மறைந்தார். பிடிபட்டவர்களில் பலருக்கு மரண தண்டனை கிடைத்தது.

அதற்கடுத்த ஆண்டுகளில் அவர் நடத்திய போரை விவரிக்கப் பெரிய சம்பவங்கள் இல்லை. சின்னச் சின்னத் திடீர்த் தாக்குதல்கள், காட்டிக்கொடுப்பவர்களையும் அரசுக்கு ஆதரவானவர்களையும் தீர்த்துக்கட்டுவது, ஆயுதம் பறிப்பது, மறைவது. இதில் வீரம் மட்டும்தான் இருந்தது என்று எழுதினால் அது பொய். யோமன்றி என்ற உள்ளூர்த் துணைப்படை குடிசைகளை எரித்தது, கிளர்ச்சிக்காரர்கள் பதிலுக்குப் பக்கத்து வீட்டுப் புராட்டஸ்டன்ட்டைக் குறிவைத்தார்கள். ஐக்கிய அயர்லாந்தியர் கண்ட மதம் கடந்த கனவு, மலை மேலே ஊர்ப்பகையாகச் சுருங்கிக்கொண்டே வந்தது. ஆனால் அரசைப் பொறுத்தவரை டுவையர் செய்த பெரிய வேலை உயிரோடு இருந்ததுதான். கிளர்ச்சி முடிந்துவிட்டது என்று அறிவித்த பிறகும், தலைநகரத்திலிருந்து ஒரு நாள் நடைதூரத்தில் ஒரு ஆள் பிடிபடாமல் இருக்கிறார் என்றால், முடியவில்லை என்றுதானே அர்த்தம்? 1800 தொடக்கத்தில் விக்லோ நிலக்கிழார்கள் சாலை கேட்டு மனுக் கொடுத்தார்கள். அந்த ஆகஸ்டிலேயே மண்வெட்டிகள் இறங்கிவிட்டன.

1801 பிறந்தபோது அயர்லாந்துக்குத் தனி நாடாளுமன்றமும் இல்லை, லண்டனோடு இணைத்துவிட்டார்கள். அதற்கு எதிராக டப்ளினில் ராபர்ட் எம்மெட் என்ற இளைஞர் புதிய எழுச்சிக்குத் திட்டம் போட்டார். டுவையரைச் சந்தித்து மலை ஆட்களைக் கேட்டார். டுவையர் முகத்துக்கு நேரே மறுக்கவும் இல்லை, மயங்கவும் இல்லை. முதலில் தலைநகரத்தைப் பிடியுங்கள், பிடித்துவைத்திருங்கள், அப்புறம் நாங்கள் வருகிறோம் என்றார். இதைக் கோழைத்தனம் என்று சொன்னவர்கள் உண்டு. ஆர்க்லோவையும் ஹேக்கட்ஸ்டவுனையும் பார்த்த ஒருவர் வேறென்ன சொல்வார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1803 ஜூலை 23 இரவு எம்மெட்டின் எழுச்சி சில மணி நேரத் தெருக்கலவரமாக முடிந்தது. செப்டம்பரில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

எம்மெட் ரதஃபார்னத்தில் எடுத்திருந்த வாடகை வீட்டில் வீட்டு வேலைக்காரி போல இருந்தவர் ஆன் டெவ்லின். டுவையரின் நெருங்கிய உறவுக்காரப் பெண், வயது இருபதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். உண்மையில் அவர் சம்பளத்துக்கு வந்தவர் அல்ல. ஆள் நடமாட்டம் சந்தேகம் கிளப்பாமல் அந்த வீடு வீடாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அங்கே இருந்தவர், தகவல் கொண்டுபோய்க் கொடுத்தவர். எழுச்சி தோற்றதும் யோமன்றி வந்து, எம்மெட் எங்கே என்று கேட்டு அவரைத் துப்பாக்கி முனைக் கத்தியால் குத்தினார்கள். முற்றத்தில் ஒரு வண்டியை நிமிர்த்தி வைத்து, அதன் ஏர்க்காலில் கயிறு கட்டி, கழுத்தில் மாட்டித் தொங்கவிட்டு, உயிர் போகுமுன் இறக்கினார்கள். ‘சொல்ல எதுவும் இல்லை’ என்பதற்கு மேல் அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. பிறகு டப்ளின் போலீஸ் தலைவர் மேஜர் சிர் 500 பவுண்டு தருகிறேன் என்று ஆசை காட்டினார். அதற்கும் மசியவில்லை. கில்மெய்ன்ஹாம் சிறையில் தள்ளினார்கள். அவரை மட்டுமல்ல, அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள் என்று குடும்பம் முழுவதையும். சின்னத் தம்பி சிறைக்காய்ச்சலில் செத்துப்போனான்.

டுவையரைக் கடைசியில் வீழ்த்தியது எது என்று கேட்டால், நான் இந்த இடத்தைத்தான் காட்டுவேன். சாலை அல்ல. சாலை முடிய இன்னும் ஆறு ஆண்டு இருந்தது. அவரைக் காப்பது மலையல்ல, வீடுகள்தான் என்பது ஒருவழியாக அரசுக்குப் பிடிபட்டுவிட்டது. 1803 இலையுதிர் காலத்தில் உறவுக்காரர்கள் எல்லோரையும் கூண்டோடு பிடித்து உள்ளே போட்டார்கள். கதவு திறக்க ஆள் இல்லை, சோறு வைக்க ஆள் இல்லை. திறந்தால் அடுத்த நாள் அந்த வீடும் காலி. டிசம்பர் 14 அன்று டுவையர் மலையிறங்கி ஹியூம்வுட்டில் வில்லியம் ஹியூம் என்ற நாடாளுமன்ற உறுப்பினரிடம் சரணடைந்தார். ஹியூமின் தந்தையை 1798ல் சுட்டுக் கொன்றது கிளர்ச்சிக்காரர்கள். அப்படியிருந்தும் டுவையர் நம்பிப் போன ஆள் அவர்தான். தன்னையும் கூட்டாளிகளையும் குடும்பத்தோடு அமெரிக்காவுக்கு அனுப்பிவிட வேண்டும் என்பதுதான் தான் போட்ட நிபந்தனை என்று டுவையர் கடைசிவரை சொன்னார்.

அமெரிக்கா கிடைக்கவில்லை. ஒன்றரை வருஷத்துக்கு மேல் கில்மெய்ன்ஹாமில் வைத்திருந்துவிட்டு, 1805 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸுக்குக் கப்பல் ஏற்றினார்கள். கூடவே ஹியூ ‘வெஸ்டி’ பர்ன், மார்ட்டின் பர்க், ஆர்தர் டெவ்லின், ஜான் மெர்னா என்ற நான்கு கூட்டாளிகள். கப்பலின் பெயரைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன்: டெல்லிச்சேரி. நம் பக்கத்துத் தலச்சேரிதான், கிழக்கிந்தியக் கம்பெனி மிளகு வாங்கிய மலபார்த் துறைமுகம். பிரிட்டிஷ் கப்பல்களுக்கு இப்படி நம் ஊர்ப் பெயர் இருப்பது புதிதில்லை. ஆனாலும் விக்லோ மலைக்காரன் தலச்சேரி என்று எழுதிய கப்பலில் சிட்னிக்குப் போனான் என்பது, அன்றைய சாம்ராஜ்யம் எவ்வளவு பெரிய வலை என்பதைக் காட்டுகிறது.

1806 பிப்ரவரியில் அங்கே போய் இறங்கினார்கள். வழக்கு நடந்து தண்டனை பெற்றவர்கள் இல்லை என்பதால் கைதிகளாக நடத்த முடியாது. ஆளுக்கு 100 ஏக்கர் கப்ரமட்டா ஓடைக்கரையில் கொடுத்தார்கள். ஆனால் நிம்மதியாக விடவில்லை. இரண்டே ஆண்டுக்கு முன் சிட்னிக்குப் பக்கத்தில் அயர்லாந்துக் கைதிகள் பெரிய கலகம் செய்திருந்தார்கள், அந்த இடத்துக்கே வினிகர் ஹில் என்று பேர் ஒட்டிக்கொண்டது. இந்த நேரத்தில் நிஜ வினிகர் ஹில்லில் சண்டை போட்டவரே வந்து இறங்கினால் எப்படி இருக்கும்? அப்போது புதிதாக வந்த கவர்னர் வில்லியம் பிளை. ‘பவுன்ட்டி’ கப்பலில் மாலுமிகள் கலகம் செய்து படகில் இறக்கிவிட்டார்களே, அந்த பிளையேதான். 1807ல் டுவையரைச் சதிக் குற்றத்துக்காகக் கைது செய்தார். நீதிமன்றம் விடுதலை செய்தது. பிளை அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் நார்ஃபோக் தீவுக்கு அனுப்பிவைத்தார், அங்கிருந்து இன்றைய டாஸ்மேனியாவுக்கு. 1808 ஜனவரி 26 அன்று சொந்தப் படை அதிகாரிகளே பிளையைப் பதவியிலிருந்து தூக்கினார்கள். மனிதருக்குக் கலகத்தோடு ஏதோ பூர்வஜென்ம பந்தம். டுவையர் சிட்னிக்குத் திரும்பினார்.

இதற்குப் பிறகு வருவதைப் பல வீரவரலாறுகள் நாலு வரியில் தாண்டிப் போய்விடும். கவர்னர் மக்வாரி காலத்தில், 1810 வாக்கில், டுவையர் ஜார்ஜஸ் ஆற்றுப் பகுதியில் கான்ஸ்டபிள் ஆனார். ஆம், போலீஸ்காரர். ஐந்து வருஷம் அரசாங்கத்துக்கு டிமிக்கி கொடுத்தவர் இப்போது அரசாங்கத்துக்காக ஓடிப்போனவர்களைத் தேடும் ஆள். யோசித்துப் பார்த்தால் அந்த வேலைக்கு அவரைவிடத் தகுதியானவர் யார்? ஒளிபவன் எங்கே ஒளிவான், யார் வீட்டில் சோறு சாப்பிடுவான் என்பது அத்துப்படி. 1820 மே மாதம் லிவர்பூல் என்ற புது ஊரின் தலைமைக் கான்ஸ்டபிள். அதே அக்டோபரில், குடித்துவிட்டு நடந்துகொண்டதற்காகவும் முக்கியமான காகிதங்களைத் தொலைத்ததற்காகவும் வேலை போயிற்று. 100 ஏக்கர் அதற்குள் 620 ஏக்கர் ஆகியிருந்தது, ‘ஹாரோ இன்’ என்ற மதுவிடுதியும் வைத்திருந்தார். கடன் தலைக்கு மேல் போய் எல்லாம் கைவிட்டுப் போனது. 1825 மே மாதம் கடன்காரர்களுக்கான சிறையில் சில வாரம் இருந்தார். அங்கே தொற்றிய சீதபேதி ஆகஸ்ட் 23 அன்று உயிரைக் கொண்டுபோயிற்று. வயது 53 இருக்கும்.

செத்த பிறகு அவர் வாழ்க்கை வேறு திசையில் ஏறியது. லிவர்பூலில் புதைத்தவரை, கத்தோலிக்கக் குருவாக இருந்த பேரன் 1878ல் எடுத்து சிட்னியின் டெவன்ஷயர் தெரு மயானத்துக்கு மாற்றினார். அந்த மயானத்தை மூடப்போகும் நேரமும் 1798ன் நூற்றாண்டும் கூடி வந்தன. 1898 மே மாதம் டுவையரையும், 1860ல் இறந்த மேரியையும் மறுபடி எடுத்து, பசிபிக் கடலைப் பார்த்த வேவர்லி கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். ஊர்வலத்தில் பெருங்கூட்டம். அதன்மேல் வெள்ளைப் பளிங்கில் பெரிய நினைவுச்சின்னம் எழும்பியது. பிற்காலத்தில் 1916 எழுச்சியில் இறந்தவர்கள், 1981ல் சிறையில் உண்ணாவிரதம் இருந்து இறந்த பத்துப் பேர் என்று புதுப் பெயர்களையும் அங்கே சேர்த்தார்கள். நாடு விட்டு நாடு வந்து பிழைப்பவர்களுக்கு, தங்கள் ஊர்ப் போர்களை எல்லாம் கட்டிவைக்க ஒரு கல் தேவைப்பட்டது. கடன் சிறையில் செத்த மதுவிடுதிக்காரர் அந்தக் கல்லானார். தலைமைக் கான்ஸ்டபிளாக அங்கே யாரும் அவரை நினைப்பதில்லை.

அயர்லாந்தில் நினைவு கொஞ்சம் வேறு மாதிரி பங்கு பிரிந்திருக்கிறது. லூக் கல்லன் என்ற கார்மலைட் சபைத் துறவி, 1798ஐப் பார்த்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதிவைத்தார். டுவையரின் மலைவாழ்க்கை நமக்கு இவ்வளவு தெரிவதற்கு அவர் பெரிய காரணம். ஆன் டெவ்லின் சிறையிலிருந்து வந்த பிறகு டப்ளினில் துணி துவைத்துப் பிழைத்து, 1851ல் பரம ஏழையாக இறந்தார். ரதஃபார்னம் கடைத்தெருவில் அவருக்குச் சிலை வைத்தது 2004ல். கிளென்க்ரீயின் படைமுகாம் பிறகு சிறுவர் சீர்திருத்தப் பள்ளியாகி, இன்று சமாதான மையமாக இயங்குகிறது. அகாவானா முகாமைப் பிற்காலத்து அயர்லாந்து அரசியல் தலைவர் பார்னெல் வேட்டை பங்களாவாக வைத்திருந்தார். மெக்காலிஸ்டர் நின்ற டெரினமக் வீட்டை அரசு திரும்பக் கூரை வேய்ந்து நினைவில்லமாக வைத்திருக்கிறது. பெயர்ப்பலகையில் டுவையர் பெயரோடு மெக்காலிஸ்டர் பெயரும் உண்டு.

இமால் பள்ளத்தாக்குக்குப் பக்கத்துச் சந்தை ஊர் பால்டிங்கிளாஸ். ஊர் நடுவே 1904ல் வைத்த 1798 நினைவுச்சிலை நிற்கிறது. டுவையரின் சொந்த மண் அது. ஆனால் பீடத்தின் மேல் நிற்பவர் சாம் மெக்காலிஸ்டர்.